சஃபாரியில் தெரியாத பட்டன்

4 மார்ச் 2025, செவ்வாய்

காலையில் ஈப்போவிலிருந்து பூவிழி போன். நம்மிடம் தேயிலை வாங்கி விற்கிறவள். "அண்ணே, உங்க வெப்சைட்ல ஆர்டர் பட்டனையே காணோம் லா. கடைய மூடிட்டீங்களா?" அவள் ஐபோனில்தான் காணோமாம். எத்தனை பேர் இப்படித் திரும்பிப் போனார்களோ.

5 மார்ச்

எங்கள் மலையூர் கியா பார்ம் முழுக்கப் பனி. கடையில் ஒரு ஆள் இல்லை. குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தேன். பக்கத்தின் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது. போன் அளவில் காட்டச் சொன்னால் காட்டுகிறது; நான் பிறந்த எஸ்டேட் லைன் வீட்டில் கிடைக்கிற இன்டர்நெட் மாதிரி மெதுவாக ஓடச் சொன்னாலும் ஓடுகிறது. பட்டன் ஜம்மென்று நிற்கிறது!

ஃபயர்பாக்ஸிலும் பார்த்தேன். எந்தக் கட்டம் எதைத் தள்ளுகிறது என்று கோடு போட்டுக் காட்டுவதில் எனக்கு அதுதான் வசதி. அங்கேயும் பட்டன் இருக்கிறது.

7 மார்ச்

இப்போதுதான் புரிந்தது. குரோம் காட்டுவது ஐபோன் அளவு மட்டும்தான். உள்ளே ஓடுவது குரோமேதான். ஐபோனின் பிரவுசரான சஃபாரியைக் குடைந்து பார்க்க ஆப்பிள் கம்ப்யூட்டர் வேண்டும். அது மகன் மகேனிடம் இருக்கிறது. வெப்சைட்டும் அவன் போட்டதுதான். அவன் அம்மா காரியம் முடிந்து கேஎல் பட்டணம் போனவன், பண்டிகைக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதோடு சரி. நானும் கூப்பிடவில்லை. பெத்த பிள்ளைகிட்ட என்னத்தப் பேசுறது — தெரியல.

9 மார்ச், ஞாயிறு

கூப்பிட்டேன். பட்டன் என்றதும் உற்சாகமாகிவிட்டான். தன் ஐபோனைக் கேபிளில் மாட்டி, கம்ப்யூட்டர் திரையை எனக்கும் காட்டினான். "சஃபாரியோட கீழ் பார் பட்டன மறைக்குது பா. அவ்ளோதான்." சரி செய்துவிட்டான். "வேற?"

வேறு ஒன்றுமில்லை என்றேன். மடையன் நான்.

15 மார்ச்

ஆர்டர் வருகிறது. வீடு அப்படியேதான்.

23 மார்ச், ஞாயிறு

மகேனே கூப்பிட்டான். "இந்த வாரம் ஒன்னும் உடையலையா பா?"

"உடைஞ்சிருக்கு லா" என்றேன். வாய் முந்திக்கொண்டது. ஒன்றும் உடையவில்லை. திரையைக் காட்டச் சொன்னான். அவசரமாக ஃபயர்பாக்ஸின் டெவலப்பர் டூல்ஸில் ஒரு வரியை அழித்தேன். தேயிலைப் பாக்கெட் படங்களெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அப்படி அழித்தால் என் திரையில் மட்டும்தான் உடையும். ரீபிரெஷ் செய்தால் பழையபடி வந்துவிடும். அவனுக்குத் தெரியாததா? அவன் கம்ப்யூட்டரில் வெப்சைட்டைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ரொம்ப மோசமா உடைஞ்சிருக்கு பா" என்றான். "ரீபிரெஷ் பண்ணிடாதீங்க. இருங்க, டீ போட்டுட்டு வந்து நிதானமா பார்க்கிறேன்."