நீலாம்பல் பேருந்துக்காக நான் எழுதிய பொய்

அனுப்புநர்:
லில்லிக்குட்டி வர்க்கீஸ் (வயது 54),
உரிமம் பெற்ற பத்திர எழுத்தர்,
கனால்கரை, முண்டப்பாறை.

பெறுநர்:
இணை வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வெள்ளிலக்கடவு.

பொருள்: 11.02.2025 அன்று கனால் பாலத்து வளைவில் நடந்த விபத்து – பயணிகள் தந்த வாக்குமூலம் பொய் என்பது – அதை எழுதியவளே திரும்பப் பெறுவது – மீன் வியாபாரி சைதலவியின் ஓட்டுநர் உரிமத்தைக் காப்பாற்றக் கோருவது – தொடர்பாக.

பார்வை: பயணிகள் 41 பேர் கையொப்பமிட்ட வாக்குமூலம், நாள் 13.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். லில்லிக்குட்டி எழுதினால் பதிவு அலுவலகத்தில் மறுகேள்வி கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. தங்கள் கோப்பில் இருக்கும் மேற்படி வாக்குமூலமும் என் கையெழுத்தில் உள்ளதுதான், முதல் கையொப்பமும் என்னுடையதுதான். அதில் விபத்து நடந்த தேதியும் நேரமும் மட்டுமே உண்மை என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. முண்டப்பாறையிலிருந்து வெள்ளிலக்கடவுக்குக் காலை 8.37க்கு 'ஜெரிக்கோ' பேருந்தும் 8.40க்கு 'நீலாம்பல்' பேருந்தும் புறப்பட அனுமதி உள்ளது. மூன்றே நிமிட இடைவெளி. ஜெரிக்கோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் உருட்டி உருட்டி நின்று எங்கள் கூட்டத்தையும் வாரிக்கொண்டு போகும், பிறகு பறக்கும். எங்கள் நீலாம்பல் ஓட்டுநர் ஷிஜில் விரட்டுவான். நீலாம்பலில் தினமும் போகிற நாங்கள் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். வழியில் காத்திருப்பவர்கள் ஜெரிக்கோ கடந்த நேரத்தை அதில் போடுவார்கள். வண்டி ஓட்டுகிறவன் போனைப் பார்க்கக் கூடாது அல்லவா, அதனால் முன் இருக்கையில் உட்காரும் நான் அதை உரக்க வாசிப்பேன். இதை நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்தோம், ஐயா! எனக்கு 'கண்ட்ரோல் ரூம்' என்று பேர் வைத்தார்கள். கல்யாணமாகாமல் தனியாக இருக்கிற எனக்கு நாற்பது பேர் காத்திருந்து காது கொடுப்பது பேருந்தில் போகிற அந்த நாற்பது நிமிடம்தான். சந்தோஷமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

3. சம்பவத்தன்று காலை 8.56க்கு, "ஜெரிக்கோ இப்பதான் தாண்டுச்சு, ரெண்டு நிமிஷம்" என்று சந்தைமுக்குக்கு முந்தைய நிறுத்தத்திலிருந்து செய்தி வந்தது. சந்தைமுக்கில் கல்லூரிப் பிள்ளைகள் முப்பது பேராவது நிற்பார்கள், ஜெரிக்கோ முந்தினால் அத்தனை பேரும் அதற்குத்தான். செய்தியை வாசித்ததோடு நான் நிறுத்தவில்லை. "ரெண்டே நிமிஷம்டா மோனே, விட்டுடாத!" என்றேன். பின்னால் கை தட்டினார்கள். "சேச்சி சொல்லிட்டாங்கல்ல, இனி யாரு விடுவா!" என்று சிரித்துக்கொண்டே ஷிஜில் மிதித்தான். வளைவில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் ஓரத்தில் நின்றிருந்தது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாமலே அதைச் சுற்றி முழுக்க வலப்பக்கம் ஏறினான். எதிரே ஸ்கூட்டரில் வந்த சைதலவியின் ஹாரன் எனக்குக் கேட்டது. அது மீன்காரர் ஹாரன் என்று தெரிந்துகொள்ளக்கூட நேரம் இருந்தது. நிறுத்து என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

4. இடத்தைப் பற்றித் தங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். நான் தெரிந்த முறையிலேயே எழுதுகிறேன். பேருந்து தெற்கிலிருந்து வடக்கே போனது. ஸ்கூட்டர் வடக்கிலிருந்து தெற்கே வந்தது. சைதலவி விழுந்து கிடந்த இடத்துக்கு நான்கெல்லை: கிழக்கே கனாலின் கைப்பிடிச் சுவர், மேற்கே சாலை நடுவில் உள்ள வெள்ளைக்கோடு, வடக்கே மின்கம்பம், தெற்கே நீலாம்பலின் முன்சக்கரம். அதாவது அவருக்கு உரிய இடப்பக்கம், அவருடைய சொந்த ஓரம். மீன்பெட்டி உடைந்து ஐஸும் மத்தி மீனும் சுவரோரமாகவே சிதறின. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு, வழியை அடைக்கிறது என்று சொல்லி, நடத்துநர் பிரமோதனும் பயணிகள் மூன்று பேரும் ஸ்கூட்டரைத் தூக்கி மேற்கு ஓரத்தில் சாய்த்தார்கள். போலீஸ் வந்து படம் எடுத்தது அங்கேதான். எதிர்ப்பக்கத்தில் கிடந்த மத்தி மீனைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5. இரண்டு நாள் கழித்துப் பேருந்திலேயே பேச்சு வந்தது. ஷிஜிலுக்கு இருபத்தொன்பது வயது, பெண் பார்த்து நிச்சயமாகியிருக்கிறது, உரிமம் போனால் கல்யாணமும் போகும் என்றார்கள். "மீன்காரருக்கு உயிருக்கு ஒண்ணுமில்லையாம், காலுதான். நம்ம பையன் வாழ்க்கையில்ல போகுது! நீங்க எழுதுனா அப்பீல் கிடையாது சேச்சி" என்று பிரமோதன் தாளை என் மடியில் வைத்தான். 'எதிரே வந்த ஸ்கூட்டர் கவனக்குறைவாகத் தன் வலப்பக்கம் ஏறி வந்ததே விபத்துக்குக் காரணம்' என்று எழுதினேன். எந்தப் பத்திரத்திலும் நான்கெல்லை எழுதாமல் விட்டவளில்லை நான். அதில் மட்டும் எழுதவில்லை. எழுதினால் பொய் வெளியே தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். குழுவில் இருந்த செய்திகளை எல்லோரையும் அழிக்கச் சொன்னார்கள். நான் அழிக்கவில்லை. அது நேர்மையினால் அல்ல, கை வரவில்லை, அவ்வளவுதான். அவற்றின் அச்சுப் பிரதியை இணைத்துள்ளேன். குழுவில் எனக்கு வைத்த பேரும் அதில் இருக்கிறது, படித்துக்கொள்ளவும்.

6. சைதலவி பதினோரு வருடமாக எனக்கு மீன் தருகிறவர். காலை ஏழு மணிக்கு என் வாசலில் நின்று, "சேச்சி, பூனைக்கா உங்களுக்கா?" என்று கேட்பார். பூனைக்கு என்றால் காசு வாங்க மாட்டார். விபத்துக்குப் பின் பதினேழு நாள் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் மனைவி ஸுலைகா வந்து அழைத்தார். சைதலவி தொடையில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறார். தலையில் அடிபட்டதால் அன்று காலை நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. உரிமத்தை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று, எங்கள் வாக்குமூலத்தின் நகலோடு தாங்கள் அனுப்பிய கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது. அவர் என்னிடம் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "நாப்பத்தோரு பேரு சொல்றாங்க, நீங்களே முதல் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப தப்பு என்னோடதாத்தான் இருக்கும் சேச்சி. உங்க பஸ்காரங்களுக்கெல்லாம் என்னால எவ்வளவு தொந்தரவு! நீங்க உள்ளயே இருந்தீங்க, நடந்தது உங்களுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டு நீங்களே எழுதிடுங்க." சொல்லிவிட்டு ஒரு வெற்றுத் தாளில் அடியில் கையொப்பமிட்டுத் தந்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் ஐயா. என்னைப் போல ஒரு வெட்கங்கெட்டவள் உண்டா? மூன்று நாள் அந்தத் தாளை மேசையில் வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு எழுத்தும் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக எழுதியதுதான் இந்த மனு.

7. ஆகவே, வருகிற வியாழக்கிழமை 06.03.2025 அன்று நடக்கவுள்ள விசாரணையில் பார்வையில் கண்ட வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்து, சைதலவியின் பேரில் உள்ள நடவடிக்கையைக் கைவிட வேண்டுகிறேன். ஸ்கூட்டர் இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஷிஜிலை என்ன செய்வது என்பது தங்கள் முடிவு. அவன் கெட்டவன் அல்ல, ஆனால் எங்கள் கைதட்டலைக் கேட்டுக் கேட்டுக் கண் தெரியாமல் போனவன். அவனை இப்போதைக்கு வண்டியில் ஏற்றாதீர்கள். மூன்று நிமிட இடைவெளியைப் பதினைந்தாக மாற்றுங்கள். பொய் எழுதியதற்கும் ஓட்டுநரைத் தூண்டியதற்கும் என் மேல் என்ன நடவடிக்கை உண்டோ அதையும் எடுக்க வேண்டும். மற்ற நாற்பது பேரும் என் எழுத்தை நம்பித்தான் கையொப்பமிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கும் கண் இருந்தது. ஆனால் எழுதியது நான். இம்மனுவின் நகலைக் காவல் நிலையத்திலும் தருகிறேன்.

8. மேற்கண்டதை எழுதி முடித்தபின், தங்களுக்குத் தெரியும் முன் அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றி, இன்று மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஸுலைகா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நியாயம்தான். சைதலவி திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. நான்கெல்லை எழுதிய இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். "அப்ப நான் என் ஓரத்துலதான் வந்தேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். ஆமாம் என்றேன். நான் படியிறங்கும்போது மூன்றாவது முறையும் உள்ளிருந்து கேட்டார். என் வாயால் வரும் ஆமாமை இனி அவர் எப்படி நம்புவார்? அதைத் தங்கள் அலுவலக முத்திரையுடன் ஒரே ஒரு முறை அவருக்கு எழுதி அனுப்புமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: முண்டப்பாறை
நாள்: 03.03.2025

தலைகுனிந்து,
(ஒப்பம்) லில்லிக்குட்டி வர்க்கீஸ்

இணைப்பு: குழுச் செய்திகளின் அச்சுப் பிரதி, 4 பக்கங்கள்.