வலப்பக்கம் தள்ளினால்

அன்புள்ள என்னவருக்கு,

நலம்தானே? இங்கே பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்டாமல் தூரப் போட விடமாட்டேன் என்று ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துக் காவல் காக்கிறாள். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன், அதுவும் ஒழுகுகிறது.

தினமும் வீடியோவில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதோடு, கொஞ்ச நாளாகப் போனைத் தொடவே கட்டைவிரல் கூசுகிறது.

போனில் மருந்து பதிவதற்கென்று எங்கள் மருத்துவமனைக்கு நீங்கள் செய்துகொடுத்த ஆப்பைப் பற்றி மேட்ரன் உங்கள் ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒரு நோயாளிக்கு மருந்து போகவே இல்லை, ஆனால் கொடுத்தாயிற்று என்று பதிவாகியிருக்கிறது, எப்படி என்று. பதிவு செய்த நர்ஸ் யார் என்று அவர்கள் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆப்பில் பிழை எதுவும் இல்லை, பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று பதில் அனுப்பிவிட்டீர்கள். எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து மேட்ரன் அதை வாசித்தார்கள்.

அந்தப் பயன்படுத்தியவர் நான்தான். மாதக் கடைசியில் விசாரணை. நீங்கள் எழுதிய அந்த வரியை ஏற்றுக்கொண்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடியோவில் உங்கள் முன்னால் நான் சிரித்ததெல்லாம் சும்மா.

ஆறாம் படுக்கையில் ஒரு தையல்காரர், வலிப்புக்கு மருந்து எடுப்பவர். என் வலது கையில் ட்ரே, இடது கையில் போன். ஆப்பில் அவர் பெயர் போட்ட அட்டையைத் திறந்தேன். கீழே பார்மசியிலிருந்து அவர் மாத்திரை இன்னும் வந்திருக்கவில்லை. சரி, அடுத்தவரைப் பார்ப்போம் என்று பின்னால் போவதற்காகத் திரையின் ஓரத்திலிருந்து வலப்பக்கம் தள்ளினேன். பேங்க் ஆப்பில் அப்படித்தான், பஸ் டிக்கெட் ஆப்பில் அப்படித்தான், பாப்பாவின் பள்ளி ஆப்பில்கூட அப்படித்தான். உங்கள் ஆப்பில் மட்டும் அப்படித் தள்ளினால் மருந்து கொடுத்தாயிற்று என்று அர்த்தம். எனக்குத் தெரியாமல் இல்லை. விரலுக்குத்தான் தெரியவில்லை. அட்டை அலுங்காமல் மிதந்து போனது, நானும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மாத்திரை பிறகு வந்து பிரிக்காமலே கிடந்தது. அடுத்த ஷிப்டில் வந்தவள் பதிவைப் பார்த்து, கொடுத்தாகிவிட்டது என்று விட்டுவிட்டாள். விடியும்போது அவருக்கு வலிப்பு வந்து, கட்டிலிலிருந்து விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

தையல்காரருக்கு வலது கை. அவர் மனைவி என்னைத் திட்டக்கூட இல்லை. "குடுத்தேன்னு போட்டிருக்கே சிஸ்டர், குடுக்கலையா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஆப்பை நம் சாப்பாட்டு மேசையில்தான் முதலில் எனக்குக் காட்டினீர்கள். பட்டன் இல்லை, டிக் போடும் கட்டம் இல்லை, நிச்சயமா என்று ஒரு கேள்வி இல்லை. அட்டை மிதந்து போவதையே திரும்பத் திரும்பக் காட்டினீர்கள், பாப்பா கைதட்டினாள். அழகாகத்தான் இருந்தது. அப்போது நான் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையும் சும்மா இருந்தன. எல்லா ஆப்பிலும் இருக்கிற மாதிரி ஒரு பட்டன் வைத்தால் என்ன என்று கேட்டேன். "எல்லாரும் போடுறதையே நாமும் போட்டா நம்மள எதுக்குடி கூப்பிடுறாங்க?" என்று சிரித்தீர்கள்.

இப்போது வார்டில் எல்லோரும் போனை மேசையில் கிடத்திவிட்டு, சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் ஒற்றை விரலால் தொடுகிறார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. அலுத்துப்போய்விட்டது.

மேட்ரன் தனியாகக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் பண்ணதுதானே? ஒரு வார்த்தை சொல்லி மாத்தி எழுதச் சொல்லேன்" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் நான் என்பதற்காக நீங்கள் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். வேறு யாரோ என்று நினைத்து அப்படி எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். நாற்காலியை விட்டு எழுந்து நில்லுங்கள். வலது கையில் தண்ணீர் நிறைந்த டம்ளர்களோடு ஒரு தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாரையாவது பக்கத்தில் நிறுத்தி, ஓயாமல் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு அட்டையைத் திறந்து, மருந்து கொடுக்காமல் பின்னால் வரப் பாருங்கள். என்ன ஆகிறதோ அதை அப்படியே மேட்ரனுக்கு எழுதி அனுப்புங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், நான் வீட்டில் இருந்துகொள்கிறேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதி முடிக்கத்தான் பார்த்தேன். கை வரவில்லை. பாப்பாவின் பல் தீப்பெட்டியில் காத்திருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள். நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
உங்கள் ஆப்பைப் பயன்படுத்தியவள்.