நான் வரைந்த மீசை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசை விசாரிக்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறான். பயலுக்கு இருமல் நிற்கவில்லை என்றாயே, மருந்தை மாற்றிக்கொண்டே இருக்காதே, டாக்டரை மாற்று.

போனில் நான் கத்தினேன், நீ வைத்துவிட்டாய், அதற்குப்பிறகு எடுக்கவும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், கடிதம் கத்தாது. "ஏம்மா அத்தனை பேர் முன்னாடி மானத்த வாங்குன, தம்பிக்கு மரியாதைதானே செஞ்சாங்க" என்று கேட்டாயே, அந்த மரியாதையின் லட்சணத்தைக் கேள். தம்பி அந்நிய தேசத்துப் போரில் செத்து எட்டு மாதம் கழித்து, நினைவு மண்டபத்தில் அவன் படத்தைத் திறக்கப்போகிறோம் என்று ராணுவ அலுவலகம் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவிலேயே ஆர்டர் கொடுத்தது. முதலாளி தயங்கித் தயங்கி, "வேற ஆள வச்சுப் பண்ணிடவாக்கா" என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் முகத்தையெல்லாம் படத்தில் திருத்தியவள் நான், என் பிள்ளை முகத்தில் இன்னொருத்தி கை வைப்பதா என்று நானே வாங்கிக்கொண்டேன். கப்பல் ஏறிய அன்று காலையில் உனக்கு அனுப்பினானே, முகவாயில் பருவும் வாய்கொள்ளாத சிரிப்புமாக, நீ எனக்கு அனுப்பினாயே, அந்தப் படம்தான். சீருடையில் இருப்பது அது ஒன்றுதான். முதலில் பருவை எடுத்தேன், வேலைப் பழக்கம், கை தானாகப் போயிற்று. அதைப் பார்த்த அதிகாரி, "ரொம்பச் சின்னப் பையனாத் தெரியுறான், ஒரு மீசை இருந்தா நல்லாருக்கும்" என்று திருப்பி அனுப்பினார். பத்தொன்பது வயசுப் பிள்ளை வேறு எப்படித் தெரிவானாம்? அனுப்பும்போது உறுத்தாத வயசு சுவரில் மாட்டும்போது மட்டும் உறுத்துகிறது. இவ்வளவு சின்னப் பிள்ளையையா அனுப்பினீர்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்ற பயம், வேறென்ன. அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. அவன் படம் எப்படியாவது சுவரில் ஏறினால் போதும் என்று மீசை வைத்தேன், தாடையை அகலமாக்கினேன், சிரிப்பை மூடினேன். ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினால் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "யாரு இது, நம்ம புள்ளகூட இருந்தவனா?" என்கிறார்.

அங்கே பிடித்த கோபம், இன்னும் விடவில்லை. மறுநாள் விடிந்ததும் ஸ்டுடியோவுக்கு ஓடிப்போய்ப் பழைய படத்தைத் தேடினால், அதன் மேலேயே திருத்தியதைச் சேமித்து வைத்திருக்கிறேன். வேலைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே நான் சொல்வது, அசலைத் தொடாதே, பிரதியில் செய் என்று. சொன்ன வாய்க்கே மண். நீ அனுப்பிய படம் இருந்த என் பழைய போனும் போன மாதம் பாழாகிவிட்டது. அலுவலகத்துக்குப் போய் அந்தப் படம் வேண்டாம் என்று கெஞ்சினேன், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார்கள். விழாவன்று திரை விலகியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி மைக்கை நீட்டி, "பெருமையா ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். "இந்த மீசை நான் வரைஞ்சது, என் புள்ளைக்கு மீசை முளைக்கல, அதுக்குள்ள கொண்டுபோயிட்டீங்க" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது, மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். இதில் போனது யார் மானம், நீயே சொல்.

என் வாயை அடைக்க, "சரி, மாசக் கடைசிக்குள்ள வேற படம் குடுங்க, மாத்துறோம்" என்று அதிகாரி சொல்லிவைத்தார். சொன்னதை அவர் மறக்கலாம், நான் விடப்போவதில்லை. உன் போனில் அந்தப் படம் இருக்கும். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. என்னோடு பேசாவிட்டால் போகிறது, படத்தை முதலாளி எண்ணுக்கு அனுப்பு. வெட்டாதே, வெளிச்சம் கூட்டாதே.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பயலுக்கு மீசை முளைக்கட்டும், முளைத்து நன்றாக நரைக்கட்டும்.

பரு இருக்க வேண்டும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா