பதினோராவது பெயர்

இன்று காலை எஸ்டேட் ஸ்டோர் அறையில் எங்கள் கிரிக்கெட் அணித் தேர்வு. வெளியே குவித்திருந்த காப்பிப் பழத்தோல் புளித்து நாறியது. அதைவிட உள்ளே நடந்த பேச்சுதான் அதிகம் நாறியது. வாழவந்தியிலிருந்து ஆட வரும் பந்துவீச்சாளன் ஒருவன். ஒரு நாள் நாலு விக்கெட் எடுப்பான், மறுநாள் ஓவருக்கு நாலு வைடு போடுவான். "நெலையா போடாதவனுக்கு எடம் எதுக்குங்க?" என்றார் ஒருவர். அந்த இடத்துக்குத் தன் தங்கை மகனைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

நீயும் அப்படித்தான் போட்டாய். மாரமங்கலத்து ஆட்கள் மூன்று பேரை ஒரே ஓவரில் வீழ்த்திவிட்டு, அடுத்த வாரம் கீப்பரின் தலைக்கு மேல் வீசினாய். "எங்க போவுதுன்னு உட்டாத்தான்டா எனக்கே தெரியுது" என்று சிரிப்பாய். கேப்டனான எனக்குச் சிரிப்பு வராது. ஆனால் தோற்கப்போகும் ஆட்டத்தைத் திருப்ப உன்னைவிட்டால் ஆளில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சேர்வராயன் கோயில் திருவிழாவையொட்டி நடந்த இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். "நம்ம மச்சானையும் சேத்துக்க தம்பி. உன்ற சூப்பர்வைசர் வேலைக்கு நானும் ஒரு வார்த்தை சொல்லோணுமில்ல?" அவ்வளவுதான். உன் பெயரை அடித்தேன். உன்னிடம், "உன்ற பந்த நம்ப முடியலடா" என்றேன். உன் பந்தை எடைபோட்டு நீக்கியிருந்தால் அது கேப்டனின் முடிவு. நான் எதையும் எடைபோடவில்லை.

மறுநாள் முழுக்க நீ எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். தோற்றோம். எனக்கு வேலை கிடைத்தது. நீ அதன்பின் பந்தைத் தொடவில்லை.

இன்று, "வாழவந்திக்காரனே ஆடட்டுமுங்க" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். உன் கதையைச் சொல்லாமல், "சும்மா தோணுச்சுங்க" என்றேன். அவன் பெயரை அடித்துவிட்டார்கள். பட்டியலின் கீழே நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

போன மாதம் சேலம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபடி நீ கேட்டாய்: "அன்னிக்கு நெசமாவே நான் நொம்ப மோசமாவா போட்டுட்டிருந்தேன்?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமாடா" என்றேன்.

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தாய்.

நீ போன சேதியைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் என் மேல் எனக்கே அருவருப்பு.