காப்புக் கட்டிய மறுநாள்

1985 ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று ஈஜோக் பஸ் நிறுத்தத்தில் என் தோழி புஷ்பவள்ளி, இருசப்பன் என்பவர் மேல் எச்சில் துப்பினாள். அவர் அங்கே சைக்கிள் கடையில் டயர் ஒட்டுகிறவர். முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"துப்பு லா, இன்னொரு தடவகூட துப்பு. ஆனா உங்கப்பாவ அன்னிக்கு ராத்திரி வெளிய கூப்பிட்டது நான் இல்ல. ரெங்கசாமி."

ரெங்கசாமி என் அப்பா.

நான் பக்கத்திலேயே நின்றேன். நான் யாருடைய மகள் என்று இருசப்பனுக்குத் தெரியாது. புஷ்பாதான் என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள். "கொலகாரன் பேச்சு லா அது. நீ ஏன் அழுவுற?" என்றாள். செத்தது அவள் அப்பா. ஆறுதல் எனக்கு.

கூடத்தில் அப்பா இருமுகிறார். விழித்துக்கொண்டாரோ? போதும்.

ஏப்ரல் 11

தூக்கம் வரவில்லை. தெரிந்ததையெல்லாம் எழுதிப் பார்க்கிறேன்.

நடந்தது 1970இல். புஷ்பாவின் அப்பா சிவானந்தம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் நிறுப்பதில் ஏமாற்றுகிறார்கள் என்று தொழிற்சங்கத்தில் புகார் செய்யவிருந்தார். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் ராத்திரி யாரோ கூப்பிட, எழுந்து போனார். விடிந்தபோது பால் கொட்டகைக்குப் பின்னால் செத்துக் கிடந்தார். புஷ்பா அப்போது வயிற்றில். இன்றைக்கும் தோட்டமே மேளமும் கரகமுமாக இருக்கும்போது அவள் அம்மா லீலாவதி அத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு புருஷன் படத்துக்கு விளக்கேற்றுவார்.

இருசப்பன் சொல்வது: ரெங்கசாமி அன்று ராத்திரி சிவானந்தம் வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்தேன். காலையில் பிணத்தைத் தூக்கினேன், அதனால்தான் சட்டையில் ரத்தம்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா பெரியம்மா போலீஸில் சொன்னது: இருசப்பன் ரத்தச் சட்டையோடு ஓடினான்.

லீலாவதி அத்தை: கூப்பிட்ட குரல் யாருடையது என்று தெரியவில்லை.

அப்பா: நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. சுங்கை பெசாரில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். அந்தச் சுங்கை பெசார் அத்தையும் அதையேதான் சொன்னார்.

இருசப்பனைப் பிடித்துவைத்து, சாட்சி போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். தோட்டம் விடவில்லை. துரத்திவிட்டது.

மூன்று பேர் சொல் ஒரு பக்கம், ஒருவர் சொல் ஒரு பக்கம். அப்பாதான் சரி. எனக்குக் காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை நடப்பவர். அவர் பொய் சொல்வாரா?

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டுப் பாயசம் கொடுக்கப் போன சாக்கில் காளியம்மா பெரியம்மாவைக் கேட்டேவிட்டேன்.

"ஓடினானா? எங்கடி ஓடினான்? பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்து தலைல அடிச்சிக்கிட்டு அழுதான். ஓடினான்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

"யார் சொல்லச் சொன்னது?"

பெரியம்மா பாயசக் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு என்னிடம் நீட்டினார். "சீனி பத்தல. உங்கம்மாகிட்ட சொல்லு."

ஏப்ரல் 15

இருந்தாலும் அப்பா அன்று சுங்கை பெசாரில்தான் இருந்தார். அதை யாரும் மறுக்கவில்லையே.

ஏப்ரல் 27, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

நேற்று காப்புக் கட்டினார்கள். இந்த வருஷமும் அப்பாதான் கரகம். இன்று சுங்கை பெசாரிலிருந்து அத்தையின் மகன் மோட்டார் சைக்கிளில் வந்தான். நாளைக்கு அவன் தங்கைக்குச் சடங்கு, தாய்மாமன் இல்லாமல் எப்படி, இப்போதே புறப்படுங்கள் என்றான். அப்பா மஞ்சள் கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"காப்புக் கட்டின கைடா இது. சாமி மலையேறுற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது, தெரியாதா ஒனக்கு? பத்தொம்பது வயசுல கட்ட ஆரம்பிச்சேன். இன்னிய வரைக்கும் ஒரு வருஷம் தவறினதில்ல, ஒரு தடவ எல்லை தாண்டினதில்ல. உங்கம்மாவக் கேட்டுப் பாரு, அவளுக்கே தெரியும்."

பெருமையாகத்தான் சொன்னார். நான் அவனுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன். கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

ஒரு வருஷமும் தவறவில்லை என்றால், 1970?

காப்புக் கட்டிய மறுநாள். சுங்கை பெசார்.

எழுதிக்கொண்ட போலீஸ்காரருக்குக் காப்பு என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனால் இங்கே தெரியாதவர் யார்? பூசாரிக்குத் தெரியாதா? காளியம்மாவுக்கு? மேளம் அடித்தவர்களுக்கு? அன்று கரகத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்ட அத்தனை பேரும் பார்த்தார்களே அவரை!

ஏப்ரல் 28

அம்மா மாவு இடிக்கும்போது கேட்டேன். உலக்கை நிற்கவே இல்லை.

"கூப்பிட்டு விட்டதோட சரி. அடிச்சவனுங்க வெளியாளுங்க. அடிப்பானுங்கன்னு இவருக்குத் தெரியாது, மெரட்டத்தான்னு சொன்னானுங்களாம். அடுத்த மாசம் தோட்டத்து ஆபீஸ்ல, ஆளுங்கள மேய்க்கிற மண்டோர் வேல குடுத்தாங்க. ஒனக்குப் போட்ட மொத தோடு அதுலதான். போதுமா?"

"இருசப்பன் மாமா?"

"அவன்தான் உயிரோட இருக்கான்ல?"

மாவைச் சலித்துக்கொண்டே, "ஊருக்கே தெரியும்டி. நீ என்னா புதுசா?" என்றாள்.

அம்மாவும். என் அம்மாவும்தான்.

மே 3

அப்பா எனக்குத் திருநீறு பூச வந்தார். தலைவலி என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மே 10, வெள்ளி

புஷ்பாவிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத் திடலுக்குப் பின்னால், எல்லாவற்றையும். அடிப்பாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவும் காப்பு தெரிஞ்சவங்கதானே மணி?"

இதை நான் யோசிக்கவே இல்லை.

மே 13

லீலாவதி அத்தை மகளிடம் சொன்னது இவ்வளவுதானாம்: "கொரலு தெரிஞ்சுதுதான். சொல்லியிருந்தா அன்னிக்கே தோட்டத்து லய வீட்ட விட்டு வெரட்டியிருப்பாங்க. வயித்துல உன்ன வச்சிக்கிட்டு நான் எங்க லா போவேன்?"

புஷ்பா இனி பஸ்ஸில் என்னோடு ஒரே சீட்டில் உட்கார மாட்டாள். "ஒன்ன வெறுக்கல. ஒன் மூஞ்சில அவர் மூஞ்சி இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 20

ஈஜோக் நிறுத்தத்தில் புஷ்பா தனியாக இறங்கினாள். பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சைக்கிள் கடை வாசலில் எல்லோரும் பார்க்க இருசப்பன் மாமாவின் காலைத் தொட்டாள். அவர் கிரீஸ் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதார்.

1986 பிப்ரவரி 2

புஷ்பா படிப்பை நிறுத்திவிட்டாள். ரவாங்கில் தொழிற்சாலை வேலை. ஈஜோக்கில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து லீலாவதி அத்தையையும் கூட்டிப் போய்விட்டாள். லயத்தைக் காலி செய்யும்போது என்னிடம் வந்தாள்.

"இனிமே எங்கள யாரும் வெரட்ட முடியாது. அம்மா போலீஸ்ல சொல்றேன்னுட்டாங்க. ஆனா நீயும் வந்து காப்பு விஷயத்தச் சொன்னாத்தான் லா கேஸ் நிக்கும். வருவியா?"

தெரியாது என்றேன். பயமாக இருக்கிறது. யாருக்குப் பயப்படுகிறேன்? அப்பா இதுவரை என்னை அடித்ததுகூட இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இது ஈஜோக். புஷ்பாவின் பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் அவள் தூங்குகிறாள்.

சாயங்காலம் காப்புக் கட்டி முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அம்மா சொல்லியிருக்க வேண்டும், அப்பா பின்னாலேயே ஓடி வந்தார். "மணி, நில்லும்மா. எங்க போற? அப்பா சொல்றதக் கேளு." நான் சின்னப் பாலத்தைத் தாண்டினேன். அதுதான் தோட்டத்து எல்லை.

திரும்பிப் பார்த்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் நான். பஸ் வர நேரமிருந்தது. நாலு எட்டு வைத்திருந்தால் என் கையைப் பிடித்திருக்கலாம்.

அப்பா மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

நாளைக் காலை இருசப்பன் மாமா எங்களைக் கோல சிலாங்கூர் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போகிறார்.