தட்டு நீரில் ஞாயிறு

மாசி 12, செவ்வாய்

காலைப் பூசை முடித்துத் தொட்டிலருகே நின்று பதிகம் ஓதினேன். கவியா முகம் திருப்பிச் சிரித்தாள். மகிழ்ச்சி நெஞ்சில் எழுந்த மாத்திரத்தில் ஐயமும் கூடவே எழுந்தது. பார்த்துச் சிரித்தாளா? கேட்டுச் சிரித்தாளா?

மார்கழியில் பிறக்க வேண்டிய பேத்தி புரட்டாசியிலேயே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆக்சிஜன் கொடுத்து உயிரைக் காத்தார்கள். உயிர் தங்கியது, ஆனால் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முறைதவறி வளர்ந்தன. மதுரையில் லேசர் சிகிச்சை செய்து தடுத்தார்கள். முகத்தையோ பொருளையோ அவள் கண் தொடர்கிறதா என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். நாங்களும் அதையன்றி வேறொன்றையும் கவனிப்பதில்லை.

நாளை முதல் அவளருகில் நான் வாய் திறப்பதில்லை. ஓசையின்றி நின்றால்தான் உண்மை தெரியும்.

மாசி 14, வியாழன்

பேசாமல் குனிந்து நின்றேன். அவள் விழிகள் என்னைக் கடந்து எங்கோ நிலைகுத்தியிருந்தன. எனக்கு இருமல் வந்தது. உடனே திரும்பினாள்.

இருமலை அடக்கியிருக்க வேண்டும்.

மாசி 16, சனி

செட்டிகுளத்திலிருந்து தங்கை பாப்பாத்தி வந்தாள். மலைமேல் முருகனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்திருக்கிறாளாம். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: “ஏண்ணே, புள்ளைக்கு இன்னும் சூரியனைக் காட்டலையா? ஊரு ஒலகத்துல செய்யிறதை நம்ம செய்யாம வுட்டா கண்ணு எப்புடிண்ணே தொறக்கும்?”

குழந்தையை முதன்முதல் வெளியே எடுத்துச் சென்று ஞாயிற்றைக் காட்டுவது நம் வீட்டில் விட்டுப்போனதில்லை. கடும் வெளிச்சம் ஆகாது என்று மருத்துவர் சொன்னதால் தள்ளிவைத்திருந்தேன். சாத்திரம் ஒரு பக்கம், மருத்துவம் ஒரு பக்கம். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி தோன்றுகிறது. கிரகணத்தன்று வானத்தை அண்ணாந்து பாராமல், தட்டில் மஞ்சள் கரைத்த நீரில்தானே ஞாயிற்றைப் பார்ப்போம்? நீரில் விழுந்த உருவம் கண்ணைச் சுடாது. இளங்காலை வேறு.

மகள் கீதாஞ்சலியிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுப்பாள்.

மாசி 17, ஞாயிறு

என்ன செய்துவிட்டேன்!

கீதா குளிக்கப் போயிருந்தாள். பாப்பாத்தி குழந்தையை ஏந்தி நிற்க, நான் பித்தளைத் தட்டை நீட்டினேன். மஞ்சள் நீரில் ஞாயிறு முழுமையாக வந்து அமர்ந்தது. கை கூப்ப இயலாத குறை ஒன்றுதான். அப்போது காற்று வீசியது. நான் தட்டைச் சாய்த்தேனோ, நீர்தான் நடுங்கியதோ, ஒளி தெறித்துக் குழந்தையின் முகத்தில் பாய்ந்தது. வீறிட்டாள். ஒளி கண்டு அழுதாளா, தட்டு அவள் காலில் பட்டு அழுதாளா? மாலையில் இடக்கண் சிவந்து நீர் வடிகிறது.

கீதா என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. இன்று உயர்த்தினாள். “தட்டுல தண்ணிய ஊத்திட்டா சூரியன் ஆறிப்போயிடுமாப்பா? நான் எங்க வேல பாக்குறேன்னு மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் தொலைநோக்கியைப் பராமரிப்பவள் என் மகள். நாள்தோறும் ஞாயிற்றைப் பார்ப்பதே அவள் ஊழியம். அவளிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?

அரியலூரிலிருந்து வந்திருந்த மருமகன் பிரேம் குனிந்து, சிந்திய மஞ்சள் நீரைத் துடைத்தான். அதுதான் தாங்கவில்லை.

மாசி 18, திங்கள்

சிவப்பு குறையவில்லை. மலர் இட்டேன், பதிகம் ஓத வாய் வரவில்லை.

மாசி 21, வியாழன்

மதுரை. மருத்துவருக்குக் கீதாவின் வயதுதான் இருக்கும். தட்டு நிகழ்ச்சியை ஒன்றும் மறையாமல் நானே சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. “இது வெளிச்சத்தால வந்த சிவப்பு இல்லீங்கய்யா, தொத்து. சொட்டு மருந்து வுட்டா போயிடும். ஆனா இனிமே வீட்ல வெளிச்சத்த வெச்சு ஒண்ணும் பண்ணாதீங்க.”

“அவளுக்குக் கண் தெரிகிறதா?”

“லேசர் வெச்ச எடம் நல்லா ஆறியிருக்கு. எவ்வளவு தெரியுதுங்கிறத அவளாத்தான் நமக்குச் சொல்லணும். அடுத்த தடவை வாங்க, பாப்போம்.”

கண்ணிழந்த அடியார் ஒருவர் கோயில் கோயிலாகச் சென்று, இறைவனோடு சண்டையிட்டுக் கண் கேட்டுப் பாடிய பதிகங்களை இளமை முதல் ஓதி வருகிறேன். அவற்றின் பண்ணை வியந்திருக்கிறேன், சொல்லை வியந்திருக்கிறேன். அந்த மனிதர் எவ்வளவு அஞ்சியிருப்பார் என்று எண்ணியதே இல்லை.

மாசி 25, திங்கள்

கண் தெளிந்துவிட்டது. சிவப்பு இல்லை. பார்வை? தெரியவில்லை.

பேறுகால விடுப்பு இம்மாதத்தோடு முடிகிறது. கீதா வேலையை விட்டுவிடப் போகிறாளாம். பார்வையில்லாத குழந்தையை வைத்துக்கொண்டு மலைமேல் தனியே இருக்க இயலாது என்கிறாள். பிரேமுக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. அரியலூரை விட்டு வரமுடியாது. “வந்து எங்கூட இருக்கட்டும் மாமா. சம்பளம் போனா போவுது” என்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் அந்த வேலைக்காகக் கீதா எத்தனை ஆண்டு படித்தாள்!

அடுத்த வாரம் கொடைக்கானல் சென்று ஆய்வுக்கூடக் குடியிருப்பின் சாவியை ஒப்படைத்து வர வேண்டும். பால்குடிக் குழந்தையை விட்டுச் செல்ல முடியாது. பிரேமுக்கு ஷிப்ட். துணைக்கு நான் போகிறேன்.

பங்குனி 2, திங்கள்

வாடகைக் கார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் குழந்தை அழத் தொடங்கினாள், காது அடைத்திருக்கும். பாடினால் அடங்குவாள் என்று தெரியும். பாடவில்லை. கீதா திரும்பிப் பார்த்து, “பாடுங்கப்பா” என்றாள். தட்டு நிகழ்ச்சிக்குப் பிறகு அவள் என்னிடம் தானாகப் பேசிய முதற்சொல்.

பாடினேன். உறங்கினாள்.

பங்குனி 3, செவ்வாய்

நடந்தது நடந்தபடியே எழுத வேண்டும். மிகையாக ஒரு சொல்லும் கூடாது.

ஆய்வுக்கூடம் மலையின் உச்சியில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துக் கல்கட்டடம், வெண்ணிறக் குவிமாடங்கள். நூறாண்டுக்கும் மேலாக வானம் தெளிந்த நாளெல்லாம் ஞாயிற்றைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். நாள் தவறாத வழிபாடு என்று எனக்குப் பட்டது. வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டேன். கீதாவின் மேலதிகாரி புவனேஸ்வரி அம்மையார் பதறிப்போனார். “ஐயோ அய்யா, போட்டுக்கங்க. தரை ஐஸ் மாதிரி இருக்கும். சூரியனுக்குத்தான் இங்க மரியாதை, நமக்கெல்லாம் ஜலதோஷம்தான்!”

கீதா சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. “வேலைய விடுறவ விடு. உன் பொண்ணுக்கு நீ வேல பாத்த எடத்தைக் காட்டாமலா போவ?”

எங்களை ஓர் இருட்டறைக்கு அழைத்துச் சென்றார். மேலே கோபுரத்தில் கண்ணாடிகள் ஞாயிற்றை வாங்கிக் கீழே அனுப்ப, அது குழாய்வழி வந்து வெண்திரையில் விழுகிறது. தட்டளவு வட்டம். சுடவில்லை, கூசவில்லை. ஓரத்தில் இரண்டு கரும்புள்ளிகள்கூடத் தெரிந்தன. தட்டு நீரில் நான் செய்ய முயன்றதும் இதுதானே! செய்யத் தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள். கீதாவைப் பார்த்தேன், அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாக்கலாம்ப்பா. இது ஒண்ணும் பண்ணாது” என்று மெல்லச் சொன்னாள்.

குழந்தை அவள் மடியில் திரையை நோக்கி இருந்தாள். நான் மூச்சையும் அடக்கி நின்றேன். புவனேஸ்வரி எதையோ திருகினார். வட்டம் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது.

கவியாவின் தலை நகர்ந்தது.

தாயின் கை அசைந்திருக்கும். நான் எதையும் நம்பவில்லை. கீதாவும் நம்பவில்லை, “மேடம்…” என்றாள்.

“ஒரு தடவைன்னா தற்செயல். இரு, திருப்பி ஓட்டுறேன். சூரியனை நகர்த்தணும்னா இங்க நூறு பேரைக் கேக்கணும். இன்னிக்கு இந்தக் குட்டியம்மாதான் எனக்கு மேலதிகாரி.”

வட்டம் வலமிருந்து இடமாக வந்தது. அவளும் வந்தாள். பாதியில் நின்றது, நின்றாள். மேலே ஏறியது, கண் ஏறியது. குழந்தை ‘ங்கா’ என்றாள்.

கீதா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு எந்தப் பாட்டும் நினைவுக்கு வரவில்லை. ஒரு சீர்கூட.

பங்குனி 5, வியாழன்

இறங்கும் வழியில் மதுரை. அங்கும் சோதித்தார்கள். பார்வை இருக்கிறது, தொலைவில் உள்ளவை மங்கலாகத் தெரியுமாம். கண்ணாடி போட வேண்டும். “இம்மாம் பொடிசுக்கு எந்தக் காதுல மாட்டுறது?” என்று பாப்பாத்தி போனில் கேட்டாள். ரப்பர் பட்டை உண்டு என்றேன். முருகனுக்கும் ஒரு கண்ணாடி சாத்தட்டுமா என்கிறாள்.

சாவி இன்னும் கீதாவின் கைப்பையில்தான் இருக்கிறது.

பங்குனி 22, ஞாயிறு

கொடைக்கானல் குடியிருப்பு. கீதா காலையிலேயே பணிக்குப் போய்விட்டாள். வானம் தெளிவாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லையாம். மூன்று மாதமாவது நான் இங்கே இருப்பதாக ஏற்பாடு. பூசைப் பெட்டியும் கூடவே வந்திருக்கிறது.

விளக்கேற்றிய பின் தொட்டிலருகே நின்றேன். இப்போது ஒன்றையும் சோதிக்க வேண்டியதில்லை அல்லவா? வாய்விட்டுப் பாடினேன். கவியா திரும்பவில்லை. குரலை உயர்த்தினேன்; அப்போதும் திரும்பவில்லை. குனிந்து, அவள் கண் போன பக்கம் நானும் பார்த்தேன்.

சன்னலுக்கு வெளியே, கயிற்றில் காயப்போட்டிருந்த அவளுடைய மஞ்சள் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மூக்கின்மேல் சரிந்த கண்ணாடியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டை நிறுத்தாமல் பாடி முடித்தேன்.