நான்கு பக்கமும் திரை

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
2025 மே 3

அன்பின் சங்கரிக்கு,

மெல்பேர்ணில் குளிர் தொடங்கியிருக்கும். உமது முழங்கால் என்ன சொல்கிறது? நான் சுகம். போனில் கதைத்தால் இரண்டாம் நிமிடமே நமக்குச் சத்தம் வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீர் சொன்னது நல்லதாகப் போயிற்று. எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது.

உம்மிடம் ஓர் உதவி. வேலையிடத்துக் கிழவர் ஒருவர் மூலம் ஒரு கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். ஐந்நூறு, அறுநூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பியரைப் போல உடுத்து, சமைத்து, மரவேலை செய்து காட்டுகிறவர்கள். சிரிக்க வேண்டாம். செப்டெம்பரில் ஒரு மண்டபத்தில் அவர்களுடைய காட்சி. அதில் வைக்க ஒரு பிரபுவின் கட்டில் வேண்டுமாம். தச்சன் நான் இருக்கிறேனே. கட்டிலும் நான்கு தூணும் முடிந்துவிட்டன, ஓர் ஆணிகூட இல்லை, எல்லாம் ஆப்பு வைத்து இறுக்கியது. மேற்கட்டியும் திரைச்சீலையும்தான் பாக்கி. இருபது வருடமாகத் திரைச்சீலை தைக்கிற மனைவி இருக்க, வேறு ஆளிடம் போவேனா?

நீளம் ஆறேகால் அடி, அகலம் நாலரை, மேற்கட்டியின் உயரம் ஏழடி. நான்கு பக்கமும் திரை வேண்டும். சிவப்புக் கம்பளித் துணி, உள்ளே லைனன் லைனிங். துணியைக் கிளப் அனுப்பிவைக்கும்.

அன்புடன்,
அருந்தவன்

கிரெய்கிபர்ன், மெல்பேர்ண்
மே 16

அன்புள்ள உங்களுக்கு,

துணி வந்தது. கத்தரிக்கோல் வைக்கவே மனம் கூசுகிறது, அவ்வளவு நல்ல துணி. முழங்கால் இன்னும் என்னோடுதான் இருக்கிறது, வேறு எங்கும் போகவில்லை.

தைத்துத் தருகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். காட்சிக்கு வைக்கிற கட்டிலுக்கு லைனிங் எதற்கு? திரையின் உள்பக்கத்தைப் பார்ப்பது உள்ளே படுத்திருக்கிற ஆள் மட்டும்தான். கடைகளின் காட்சி அறைக்குத் தைக்கும்போது நாங்கள் பின்பக்கத்துத் தையலைக்கூட மறைப்பதில்லை. தலைமாடு சுவரோடு நிற்குமே, அங்கேயும் ஏன் திரை? நாலரை அடி இரண்டு பேர் படுக்கிற அகலம். மேற்கட்டியோ, நம்மவர் கலியாண வீட்டில் கட்டுவார்கள், செத்த வீட்டிலும் வெள்ளை கட்டுவார்கள். படுக்கைக்கு மேலே கட்டி நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று. போன வருடம் சிட்னியில் வேலை கிடைத்துப் போனபோது, "நீர் அவசரப்படாம ஆறுதலா வாரும், நான் வீடு எடுத்து வைக்கிறன்" என்றீர்கள். எடுத்த வீட்டின் படம் ஒன்று ஜூனில் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. ஈஸ்டருக்கு வருகிறேன் என்றேன், பெயின்ட் அடிக்கிறார்கள் என்றீர்கள். ஒரு மாதமாகவா அடிக்கிறார்கள்?

சந்தேகக்காரி என்பீர்கள். வேலை போனதைச் சொல்லாமல், நான் கட்டித் தந்த சோற்றை மூன்று மாதம் பூங்காவில் இருந்து சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு வேலை கூட" என்று களைத்த முகத்தோடு வீட்டுக்கு வந்த மனிதரோடு வாழ்ந்தால், யாரும் சந்தேகக்காரி ஆவார்கள்.

சங்கரி

குவேக்கர்ஸ் ஹில்
ஜூன் 1

அன்பின் சங்கரிக்கு,

பூங்காவுக்கு நான் எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இன்னும் ஒரு தரம் கேட்கிறேன்.

லைனிங் கேட்டது கிளப்பின் ஒழுங்கு. காட்சி என்றாலும் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பார்கள். அப்போது பெரிய வீடுகளில்கூடத் தனி அறைகள் குறைவு. ஒரே மண்டபத்தில் வேலைக்காரர், விருந்தினர், நாய் எல்லாரும் படுப்பார்கள். கதவிடுக்கால் காற்று வரும். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டால் அதுதான் அறை. கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பார்க்க வருகிறவர்கள் சுற்றிவரப் பார்ப்பார்கள், அதனால் நான்கு பக்கமும். பிரபுவுக்கு மனைவி உண்டு, அதனால் நாலரை அடி.

வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கிளப்பில் எடுத்த படம் ஒன்று வைக்கிறேன். தலையில் தொப்பியோடு நிற்பது நான்.

அன்புடன்,
அருந்தவன்

கிரெய்கிபர்ன்
ஜூன் 23

அன்புள்ள உங்களுக்கு,

திரைகள் இந்தப் பார்சலில் இருக்கின்றன. மேற்கட்டி தனியாக மடித்திருக்கிறது. வளையங்களை எல்லாம் கையால் தைத்தேன், விரல் இரண்டு இடத்தில் வெடித்துவிட்டது. சுருக்குகள் நான் பிடித்த இடத்தில் நிற்கட்டும்.

தொப்பியைப் பார்த்தேன். தொப்பிக்குப் பக்கத்தில் நீளச் சட்டை போட்டு, உங்கள் தோளில் கை வைத்திருப்பவளையும் பார்த்தேன். பக்கத்து மெஷினில் தைக்கிற யோகாவிடம் காட்டினேன். "வயசு போன மனிசி மாதிரித்தான் கிடக்கு அக்கா" என்றாள். யோகா யாருக்கும் மனம் நோகச் சொல்லமாட்டாள், அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நீங்களும் அந்தப் பெண் யாரென்று ஒரு சொல் எழுதவில்லை.

வெளிச்சம் போதாதாம். முதலில் அனுப்பிய படத்தில் சுவரில் பாதி ஜன்னலாக இருந்ததே. ஜன்னலை யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா?

சங்கரி

குவேக்கர்ஸ் ஹில்
ஜூலை 6

அன்பின் சங்கரிக்கு,

திரைகளைத் தொங்கவிட்டாயிற்று. கிழவர் வந்து சுற்றிவரப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். யார் தைத்தது என்று கேட்டார், "மை வைஃப்" என்றேன். உமது விரலுக்கு எண்ணெய் பூசும்.

படத்தில் இருப்பது ஹெலன். எழுபத்து மூன்று வயது, முன்பு நூலகத்தில் வேலை செய்தவர். காது சரியாகக் கேளாது, அதனால் கதைக்கிற எல்லார் தோளிலும் கை வைப்பார்.

ஒரு சின்ன விஷயம், கோபிக்க வேண்டாம். கால்மாட்டில் இரண்டு திரையும் சந்திக்கிற இடத்தில் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. எவ்வளவு இழுத்தும் மூடவில்லை. பார்த்தால், சுருக்கை உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறது. நீர் இப்படிப் பிழை விடுகிறவர் இல்லை, அவசரத்தில் நடந்திருக்கும். விடியப்புறம் அந்த இடைவெளியால் காற்று நேரே காலுக்கு வருகிறது. பிரித்துவிடட்டுமா?

அன்புடன்,
அருந்தவன்

கிரெய்கிபர்ன்
ஜூலை 11

அருந்தவனுக்கு,

அது பிழை இல்லை. வேண்டுமென்றே தைத்தேன்.

காட்சிக்கு வைத்த கட்டிலின் திரையை யாரும் இழுத்து மூடப்போவதில்லை. மூடாத திரையில் இடைவெளி இருக்கிறதென்று யாருக்கும் தெரியவும் வராது. உண்மையாகவே காட்சிக்கென்றால் இதைப்பற்றி ஒரு சொல் வராது என்று நினைத்தேன். வராமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். இரண்டு கிழமையில் வந்துவிட்டது.

காட்சிக் கட்டிலுக்குக் கால் குளிருமா? காட்சி செப்டெம்பரில், இப்போது ஜூலை. அதில் யார் படுக்கிறார்கள்? எத்தனை பேர்?

இருபது வருடம் ஊரார் படுக்கையறைகளுக்கெல்லாம் தைத்தேன். என் புருஷன் இன்னொருத்தியோடு மறைந்து படுக்கவும் நானே தைத்துக் கொடுத்தேனா? துணியைத் தடவிப் பார்த்து, நன்றாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தைத்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு பதில் எழுதுங்கள். பொய் என்றால் எழுத வேண்டாம். பதில் வராவிட்டால் விளங்கிக்கொள்வேன், அதோடு எல்லாம் முடிந்தது.

சங்கரி

குவேக்கர்ஸ் ஹில்
ஜூலை 17

சங்கரிக்கு,

நான்தான் படுக்கிறேன். நான் ஒருவன் மட்டும்.

முன்பு நமது தெருவில் இருந்த ஜெகதீஷின் வீட்டுக் கராஜில் இருக்கிறேன். ஜன்னல் இல்லை. சீமெந்துத் தரை. கராஜ் கதவு நிலத்தில் முட்டாது, இரண்டு விரல் இடைவெளி, அதால் காற்று வரும். கிளப்புக்குக் கட்டிலை வைக்க இடம் இல்லை, அதனால் இங்கேயே செய்து இங்கேயே வைத்திருக்கிறேன். காட்சி உண்மை. கிழவர், ஹெலன் எல்லாம் உண்மை. லைனிங் மட்டும் கிளப் கேட்கவில்லை, நான் கேட்டேன்.

வீடு எடுத்ததும் உண்மை. பெரிய ஜன்னல், உமது மெஷினை அதற்குக் கீழே வைக்கலாம் என்று பார்த்து எடுத்தேன். நீர் போன வருடம் ஜூனில் வருகிறேன் என்றீர். பிறகு ஓகஸ்ட் என்றீர். பிறகு தீபாவளி, பிறகு தைப்பொங்கல். ஒவ்வொரு தரமும் முதல்நாள் போன் வரும், காரணம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு தரமும் நான் குசினிக்குச் சட்டி, பானை என்று ஏதாவது வாங்கி வைத்திருப்பேன். பெப்ரவரியில் வீட்டைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேருக்கு எடுத்த வீட்டில் ஒருவன் இருக்க முடியவில்லை, சங்கரி. கராஜில் இருக்க முடிகிறது.

அதை உம்மிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "பாருங்கோ, நான் நினைச்சது சரி, உங்கட வீடும் பொய்தான்" என்பீர் என்று பயந்தேன். பயந்து பெயின்ட் என்று சொன்னேன், வெளிச்சம் என்று எழுதினேன். பூங்காவில் சாப்பிட்டதும் இதே பயத்தில்தான். எனக்கு வெட்கம் வந்தால் பொய் வருகிறது, இந்த வயதில் அதை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை.

கட்டிலை ஏன் நாலரை அடி செய்தேன் என்று நேற்று யோசித்தேன். கிளப்பில் யாரும் அளவு சொல்லவில்லை. கை பழக்கத்தில் செய்துவிட்டது. நான் இடப்பக்கம் மட்டும்தான் படுக்கிறேன்.

உமது தையலை இன்னும் பிரிக்கவில்லை. நீர் சொல்லாமல் பிரிக்கமாட்டேன்.

அருந்தவன்

கிரெய்கிபர்ன்
ஜூலை 24

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது பொய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். பிறகு ஜெகதீஷ் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய மனைவிதான் எடுத்தாள். "ஓம் அக்கா, பெப்ரவரி கடைசியில வந்தவர். அவரைப் பாக்க ஒருத்தரும் வாறேல்லை" என்றாள். ஏன் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை, எனக்குத்தான் முகம் எரிந்தது.

இரண்டாம் தரம் வாசித்தபோது, வருகிறேன் என்று சொல்லி நான் வராத அந்த மாதங்களில் கண் நின்றது. நான்கும் என்னுடையவை. நான்கு தரமும் பெட்டி அடுக்கினேன். முதல்நாள் பின்னேரம் பெட்டியைப் பார்ப்பேன், போய் இறங்கினால் அங்கே வீடு என்று ஒன்றே இருக்காது, இந்த மனிதர் இன்னொரு கதை சொல்வார் என்று தோன்றும். திரும்பவும் அந்தப் பூங்காவை என்னால் பார்க்க ஏலாது என்று தோன்றும். உடனே போனை எடுத்து முழங்கால் என்றும் லீவு இல்லை என்றும் சொல்வேன். நீங்கள் சொன்ன பொய்யைவிட என்னுடையது குறைந்தது இல்லை.

வீடு இருந்திருக்கிறது. நான் வராததால் இல்லாமல் போயிருக்கிறது. இதை எழுத எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

தையலைக் கடிதம் கண்டவுடன் பிரித்துவிடுங்கள். நுனியில் ஒரே ஒரு முடிச்சுத்தான், அதை வெட்டினால் முழுதும் கழன்று வரும். துணியை இழுக்க வேண்டாம்.

ஓகஸ்ட் 2, சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. முதல்நாள் போன் வராது. வந்தாலும் எடுக்க வேண்டாம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வாருங்கள், தொப்பி வேண்டாம்.

நான் வருகிறேன் என்று அவசரமாக வேறு வீடு ஒன்றும் பார்க்க வேண்டாம். ஹீட்டர் வாங்க வேண்டாம், ஜெகதீஷ் வீட்டில் இருந்து நல்ல பாய், நல்ல கதிரை என்று எதையும் இரவல் எடுத்துப் போட வேண்டாம். கராஜைக் கூட்டவும் வேண்டாம். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே நான் பார்க்க வேண்டும். எனக்காக ஒரு கோப்பையைக் கழுவி வைத்திருந்தால்கூட எனக்குத் தெரிந்துவிடும், அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன்.

உங்கள்
சங்கரி